பிள்ளையாரின் கையெழுத்து

படித்தவனிடம் கணக்கைக் கொடுக்கலாம். அப்போதுதான் படித்து முடித்தவனிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் புதுச்சேரி எல்லைக்குள் கிடையாது.

பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை தேறிய கையோடு வில்லியனூரில் தணிகாசலம் முதலாளியின் மண்டியில் சேர்ந்தேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, புளி, மிளகாய் வியாபாரம். பினாங்கில் ஏற்கெனவே ஒரு கடை ஓடியது. அடுத்து சைகோன், அதற்கப்புறம் ரெயூனியன் தீவு என்று முதலாளி மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஊரே என்னைக் கணக்கப்பிள்ளை என்றது. நான் மட்டும் பிரெஞ்சில் 'கொந்தாபிள்' என்று சொல்லிக்கொள்வேன். (கேட்க ஆளில்லாததால் எனக்கு நானே.)

சைகோன் கடைக்குப் பங்குப் பத்திரம் எழுத, புதுச்சேரிப் பட்டணத்தில் பத்திரம் பதியும் நொத்தேர் ஒரு படிவம் அனுப்பினார். பங்காளிகள் யார் யார் என்று நிரப்ப வேண்டும். பத்திரத்தோடு முதலாளியின் தம்பி சனிக்கிழமை கப்பலேறியாக வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே கடை திறக்க விடமாட்டார்கள். கட்டடத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

பேரேட்டைப் புரட்டினேன். மொத்தம் பதினாறு பங்கு. முதலாளிக்கு எட்டு, தம்பிக்கு ஏழு, பிள்ளையாருக்கு ஒன்று. சாமிக்கு ஒரு பங்கு ஒதுக்கி, அதில் வரும் லாபத்தைக் கோயிலுக்குச் செலவிடுவது வியாபாரிகள் வழக்கம். அது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளையாரை விட்டால் பதினைந்துதான் வருகிறது. கொந்தாபிளுக்கு மனசு வருமா? எழுதினேன்: மெசியே (அதாவது திருவாளர்) பிள்ளையார். தகப்பனார் பரமசிவம், தாயார் பார்வதி. கல்யாணம் ஆகவில்லை. விலாசம், வில்லியனூர் குளத்தங்கரை அரசமரத்தடி. ஒரு வார்த்தை பொய் கிடையாது.

பங்காளிகள் மூவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில், மெசியே பிள்ளையாருக்கு உடம்பு கனம், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று எழுதிப்போட்டேன். முதலாளிக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதுதான் என் தைரியம். நொத்தேர் இரக்கப்பட்டுவிட்டார். நடமாட முடியாதவரிடம் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு சாட்சிகளோடு குதிரை வண்டியில் வந்து இறங்கினார்.

முதலாளியும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது ஆள் எங்கே என்று நொத்தேர் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் குளத்தங்கரைக்கு நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். அரசமரத்தடியில் நின்று கையைக் காட்டினேன்.

நொத்தேர் நம்மூர்த் தமிழர்தான்; படிவத்தை அதுவரை படித்தது அவருடைய வெள்ளைக்காரக் குமாஸ்தா மட்டும். பிள்ளையாரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பூட்சைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "உடம்பு கனம்தான்" என்றார்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற? நாளைக்குக் கப்பலுடா" என்றார் முதலாளி.

"பதினாறு வரணும்ல, முதலாளி" என்றேன். மீசை வைத்த கொந்தாபிள் குளத்தங்கரையில் நின்று அழுதேன்.

நொத்தேரே வழி சொன்னார். அந்த ஒரு பங்கை மனுஷன் எவன் பேரிலாவது எழுதிவிட்டால் போதுமாம். முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

"இவன் பேர்லயே எழுதுங்க. லாபம் வந்தா சாமிக்கு. நட்டம் வந்தா இவன் கட்டட்டும்."

தம்பி கப்பலேறினார். சைகோன் கடை திறந்தது, மூன்றாம் வருஷம் ரெயூனியனும் திறந்தது. பத்திரத்துக்குப் பத்திரம் என் பெயர் ஏறியது. சம்பளம்தான் ஏறவில்லை.

அந்தப் பத்திரங்களைப் பார்த்துத்தான், மாப்பிள்ளைக்கு ரெண்டு தேசத்தில் பங்கு இருக்கிறது என்று பாகூர்க்காரர் ஒருவர் எனக்குப் பெண் கொடுத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான வருஷத்து லாபத்தில் பிள்ளையாருக்கு வெள்ளிக் கவசம் சாத்தியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. உங்க வூட்டுக்காரருக்கு என்ன உத்தியோகம் என்று யார் கேட்டாலும் இன்றுவரை அவளிடம் ஒரே பதில்தான்.

"பிள்ளையாருக்குப் பினாமி. அவருக்கு வெள்ளிக் கவசம், எனக்கு மஞ்சக் கயிறு."