கறுத்தக் காரின் வெள்ளைக் கோடு

கதவுக் கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற கறுத்த றப்பர் இடுக்கில், காரை மினுக்கப் பூசிய வெக்ஸ் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பாயிஸின் விரல் உள்ளே போகவில்லை. நகம் போனது. போன நகமும் ஒடிந்தது.

வெயிலில் நின்ற காருக்கு வெக்ஸைப் பூசிவிட்டுப் பிளேன்டி குடிக்கப் போனது அவன் பிழை. திரும்பி வரும்போது காருக்கு நரை விழுந்திருந்தது.

பழைய கார் வாங்கி விற்கும் பர்ஹான் முதலாளி குனிந்து பார்த்தார்.

"நீ வெக்ஸ் பூசினியா, சுண்ணாம்பு அடிச்சியா?"

"வெக்ஸ்தான் முதலாளி. காஞ்சி போச்சி."

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கார் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றார் முதலாளி. அக்கரைப்பற்றுத் தரகர் ஒருவரிடம் வாங்கிய நாளிலிருந்து இந்தக் கார் விலைபோகாமல் நிற்கிறது, இன்றைக்கும் போகாவிட்டால் நாளையிலிருந்து நீ வரத் தேவையில்லை என்றும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். பாயிஸுக்கு அதுதான் பயம். போன வேலையும் இப்படி மெதுவான குரலில்தான் போனது.

அவன் பழைய பல்பிரஸை எடுத்து இடுக்கில் தேய்த்தான். மேலே இருந்த வெள்ளை மாவாகி ஆழத்துக்குள் இறங்கியது.

ஈர்க்கில் நுனியில் மருதமுனைச் சாரன் கிழிசலைச் சுற்றிக் குத்தினான். ஈர்க்கில் உள்ளேயே முறிந்தது. இப்போது வெக்ஸோடு ஈர்க்கிலையும் எடுக்க வேண்டும்.

நம்பர் தகடுகளுக்குப் பின்னாலும் வெக்ஸ் போயிருந்தது. இரண்டையும் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போட்டான். அவை முகங்குப்புறக் கிடந்தன.

தேங்காய் எண்ணெய் தடவினால் றப்பர் கறுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். தடவினான். உண்மையாகவே கறுத்தது. அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தான். அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று எழும்பி, சம்மாந்துறை றோட்டு நெல் மில்லின் உமித்தூசியை அள்ளிக்கொண்டு வந்தது. எண்ணெய் பட்ட இடமெல்லாம் தூசி ஒட்டிக்கொண்டது. மண் குளித்த கோழி மாதிரி நின்றது கார்.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு போகும்போது காரைப் பார்க்காமலே போனார். பாயிஸ் போகவில்லை. அல்லாஹ் மன்னிப்பான், முதலாளி மன்னிக்க மாட்டார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, பெயின்ற் அடிக்கும் கொட்டிலிலிருந்து பெயின்ற் கரைக்கிற தின்னர் போத்தலை எடுத்துவந்தான்.

தின்னருக்கு உமி போனது. எண்ணெய் போனது. ஆனால் வெள்ளைக் கோடு மட்டும் போகாமல் தடித்தது. துடைக்கத் துடைக்க றப்பர் ஓரத்தை விட்டு வெளியே வந்து கதவில் ஏறியது. சிரட்டையளவு வெக்ஸ் பூசினவனுக்கு வாளியளவு வெக்ஸ் எங்கிருந்து வருகிறது என்று விளங்கவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். துணி கறுத்தது. கார் வெளுத்தது.

பிழையாக ஏதோ நடக்கிறது என்று கை சொன்னது. ஆனால் நிறுத்தினால் வேலை போய்விடும் என்று வயிறு சொன்னது. வயிறு சொன்னதைத்தான் கேட்டான்.

கார் பார்க்கப் பக்கீர் முகைதீனும் அவர் மனைவி சபியா உம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். முதலாளியும் பள்ளியிலிருந்து வந்துவிட்டார். வந்த வேகத்தில் வெளுத்த கதவில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"ஒரு டொக்டர் பாவிச்ச வாகனம். கொம்பனியிலயே அடிச்ச கறுப்பு," என்றார், அசையாமல்.

பக்கீர் முகைதீன் களைத்துப்போன மனிதர். மகளுக்குச் சீதன வீடு கட்டி முடித்ததையும், மாப்பிள்ளை வீட்டார் இப்போது வீட்டோடு ஒரு காரும் கேட்பதையும், அதுவும் கறுப்பாக இருந்தால் நல்லம் என்று சொல்லிவிட்டதையும் ஆருக்கோ நடந்த சங்கதி மாதிரிச் சொன்னார். காரைச் சுற்றிப் பார்க்கவும் அவருக்குத் தெம்பு இல்லை.

சபியா உம்மா சுற்றிப் பார்த்தார். மற்றப் பக்கத்துப் பின்கதவு றப்பருக்குக் கீழே அவர் கை ஒரு நெளிவில் பட்டு நின்றது. தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு முதலாளி சாய்ந்திருந்த பக்கம் வந்து, "கொஞ்சம் தள்ளுங்க தம்பி," என்றார்.

முதலாளி தள்ளி நின்றார். அவர் வெள்ளைச் சேட்டின் முதுகு கறுத்திருந்தது.

சபியா உம்மா கதவைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

"அந்தத் தகட்டத் திருப்புங்க மனே."

பாயிஸ் திருப்பினான். பக்கீர் முகைதீன் நம்பரை உதட்டுக்குள் வாசித்தார். வாசித்ததும் பக்கத்தில் கிடந்த பழைய டயரில் மெதுவாகக் குந்தினார். முதலாளி மில் இருந்த பக்கம் பார்த்தார்.

பாயிஸ் துணியை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனான். "வெக்ஸ்தான் உம்மா. காஞ்சி போச்சி. இப்பத் துடைச்சிருவன்."

சபியா உம்மா அவன் கையிலிருந்த துணியை வாங்கி வாளி விளிம்பில் போட்டார்.

"வெக்ஸ் இல்ல மனே. மகள்ட வீட்டுக்குக் கூர போட நாங்க வித்த வெள்ளக் கார் இது."