நாளுக்கு நாள் இளைத்த பிடி

தோற்றது தானல்ல, தன் கைத்துப்பாக்கியின் பிடிதான் என்று டெல்மர் முடிவு கட்டிவிட்டான். டெக்ஸஸில் ஒரு சிற்றூர் கிளப் நடத்தும் குறிபார்க்கும் போட்டியில், போன வருஷம் பக்கத்து வீட்டு பர்விஸ் பரிசைத் தட்டிக்கொண்டு போனான். பரிசு, புகையூட்டிய முழுப் பன்றித்தொடை. டெல்மரின் குண்டுகள் குறி தவறிப் பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தன.

“பிடி ரொம்பக் குண்டு, லொரெட்டா. சட்டைக்குள்ள வெச்சாலும் புடைச்சிக்கிட்டுத் தெரியுது.”

“புடைச்சிக்கிட்டுத் தெரியறது பிடியா, வயிறா?” என்றாள் மனைவி. “இந்த வருஷம் நான் சுடட்டுமா?”

“உன் கைக்கு அது அடங்காது. போய் ரொட்டியைப் பாரு.”

அவள் ரொட்டியைப் பார்க்கப் போனாள். அத்தனை சாதுவாகப் போனபோதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டெல்மர் கார் ஷெட்டுக்குப் போனான். குண்டுகளை எடுத்து வைத்துவிட்டுப் பிடியின் இரண்டு பக்கத்து வால்நட் மரப் பலகைகளையும் கழற்றினான். உப்புத்தாளால் தேய்த்தான். மாட்டிப் பிடித்துப் பார்த்தான். மறுபடி கழற்றித் தேய்த்தான். கடைசியில் கைக்கு அப்படி ஒரு கச்சிதம்! சனிக்கிழமை பர்விஸ் தொலைந்தான்.

மறுநாள் எடுத்துப் பார்த்தால் பிடி இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தது.

மரம் என்ன பட்டினியா கிடந்தது? பர்விஸ்! புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்க வருகிறவன். ஷெட் சாவி தொங்கும் இடம் தெரிந்தவன்.

“அவன்தான் சதி பண்றான்!”

“அவருக்கு முதுகு பிடிச்சிருக்கு டெல்மர். குனிஞ்சு பூட்ஸே போட முடியல.”

“நடிப்பு!”

பலகையில் பென்சிலால் கோடு போட்டு வைத்தான். கோடு காணாமல் போனது. கால்தடம் பிடிக்க ஷெட் வாசலில் மாவு தூவினான். மாவே காணோம்.

“ஷெட்டெல்லாம் மாவாக் கிடந்துச்சு, பெருக்கிட்டேன்,” என்றாள் லொரெட்டா.

“தடயத்தையே அழிச்சிட்டியே!” என்று கத்தியபடி சோள ரொட்டியைக் கடித்தான். நறநறவென்றது. “என்ன இது, மரத்தூள் மாதிரி?”

“சோளம் அப்படித்தான். நல்லா மெல்லு, கண்ணு.”

மென்றான். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து பர்விஸ் வீட்டையே கண்கொட்டாமல் பார்த்தான். ஷெட் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சனிக்கிழமை. முதுகில் பட்டையோடு பர்விஸ் நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். நிஜமாகவே வலிதான். டெல்மர் துப்பாக்கியைப் பிடித்தான். விரல்கள் பிடியைச் சுற்றி வந்து அவன் உள்ளங்கையையே குத்தின. குண்டுகள் பழக்கப்பட்ட மண்மேட்டுக்கே போயின.

“இப்படிக் குடு,” என்று லொரெட்டா வாங்கினாள். அளவெடுத்துச் செய்த மாதிரி பிடி அவள் கைக்குள் உட்கார்ந்தது. சுட்டதெல்லாம் நடுப்புள்ளியில் விழுந்தது. கிளப்பே எழுந்து கைதட்டியது.

அவள் நகக்கண்களில் பழுப்புத் தூளை அப்போதுதான் பார்த்தான் டெல்மர்.

“லொரெட்டா... நீயா?”

“முக்கால்வாசி நீயே தேய்ச்சுக் குடுத்துட்டே. நான் மிச்சத்தைத்தான் தேய்ச்சேன்.” துப்பாக்கியைக் காலி செய்து தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பரிசாக வந்த பன்றித்தொடையின் தடித்த எலும்பு முனையை அவன் கையில் திணித்தாள்.

“நீ இதைத் தூக்கிக்கோ, கண்ணு. இந்தப் பிடி உன் கைக்குச் சரியா இருக்கும்.”