காலிக் கட்டத்தில் பெய்த மழை

வைக்கோல்காரர் வாலஸுக்கு மெர்வின் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு டாலர் ஐம்பது சென்ட். அதைத் தீர்த்தால்தான் அடுத்த லாரி என்று வாலஸ் சொல்லிவிட்டார். வேலியோரம் மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன.

வறட்சி நிவாரணத்துக்கு மெர்வின் கம்ப்யூட்டரில் அனுப்பிய படிவம் திரும்பி வந்துவிட்டது. நிவாரணப் பணம் நேராக வைக்கோல்காரர் கணக்குக்கே போகும். போன் போட்டார். நிவாரண அலுவலகத்து லியான் எடுத்தாள்.

“மழைக் கட்டமெல்லாம் காலியா விட்டிருக்கீங்களே?”

“மழையே இல்லம்மா. பெய்யாததுக்கு என்னத்த எழுத?”

“பெய்யலன்னா சைபர் போடணும். காலியா விட்டா நீங்க அளந்தே பாக்கலன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் பக்கத்து ஊர் மழைய எடுத்துப் போட்டுக்கிச்சு.”

பக்கத்து ஊர் மலைக்கு அந்தப்புறம் இருக்கிறது. அங்கே வெள்ளத்தில் பாலமே முழுகிக் கிடந்தது.

நாளெல்லாம் கம்பிவேலி இழுத்த கையோடு மெர்வின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எது எந்தக் கட்டம் என்று பார்க்கக் கண் ஒத்துழைக்கவில்லை. காலியாகத் தெரிந்ததிலெல்லாம் சைபர் போட்டு அனுப்பிவிட்டுப் படுத்தார்.

மறுவாரம் லியானே கூப்பிட்டாள். மாடு எத்தனை என்ற கட்டத்திலும் சைபர் இருக்கிறதாம். மாடே இல்லாதவருக்கு வைக்கோல் எதற்கு என்று மேலதிகாரி கேட்கிறாராம்.

“இன்னும் எண்ணி முடிக்கலன்னுதாம்மா அத காலியா விட்டிருந்தேன்.”

“அது சரிதானே. தெரியாததுக்குக் காலி, இல்லாததுக்கு சைபர்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். நீங்கதான் பாதியிலயே போன வச்சிட்டீங்க.”

வெயிலில் நடந்து மாடுகளை எண்ணிவிட்டு வந்தார். அந்த ஒரு சைபரை அழிக்க எதையோ அமுக்க, பக்கத்திலிருந்த சைபர் எல்லாம் சேர்ந்து போயிற்று. மாட்டுக் கணக்கை எழுதி அனுப்பிய பிறகுதான் மழைக் கட்டங்கள் மறுபடி காலியாகப் போனதைக் கவனித்தார். இன்னொரு முறை லியானிடம் பேசத் தெம்பில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

நாலு நாள் கழித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாலஸின் லாரி வந்து நின்றது. கடனுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை என்று மெர்வின் இழுத்தார்.

வாலஸ் கட்டுகளை இறக்கிக்கொண்டே சொன்னார்: “உன் பாக்கி மொத்தமும் நேத்தே எனக்கு வந்துடுச்சுய்யா. ஆபீஸ்ல விசாரிச்சேன். பக்கத்து ஊர்ல வெள்ளம், உன் படிவத்துல இருந்த மழைக் கணக்கும் திடீர்னு காணாமப் போனதால, மழை அளக்குற குழாயையே தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு முடிவு பண்ணி, உனக்கு வெள்ள நிவாரணம் குடுத்திருக்காங்க.”