ஆயிரத்தொரு வெள்ளி மஹர்

786

உத்தமபாளையம்,
12.1.1998, நோன்பு பன்னிரண்டு.

கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்திவரும் என் மரியாதைக்குரிய மச்சானும், அல்லாஹ் நாடினால் பெருநாள் கழித்து என் சம்பந்தியும் ஆகப்போகிற ஜெய்லானி அவர்களுக்கு மீராசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ரம்லத்தும் மகள் சுமையாவும் நலம். அங்கே நீங்களும் மாப்பிள்ளை ரியாசுதீனும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். என் நலத்தைப் பற்றி எழுதியது மட்டும் வழக்கத்துக்காக. நான் நலமாக இல்லை.

எல்லாம் உங்கள் நாட்டு ரிங்கிட் பண்ணுகிற வேலை. நாம் வெள்ளி வெள்ளி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதுதான். போன ஜூலையில் நிச்சயத்தன்று பள்ளிவாசல் செயலாளர் நசீம் பாய் காகிதத்தை விரித்து, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு என்று கேட்டபோது, நீங்கள் பதினாலாயிரம் ரூபாய் என்று அடக்கமாகத்தான் சொன்னீர்கள். நான்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மலேசியாவுக்கு வாழப்போகிற பிள்ளைக்கு மஹரும் மலேசியப் பணத்தில்தான் இருக்கணும், ஆயிரத்தொரு வெள்ளி என்று போடுங்கள் என்றேன். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மச்சான், 1976-ல் என் கல்யாணத்தன்று ஒரு வெள்ளி மூன்றரை ரூபாய். 1990-ல் நீங்கள் டேப்ரிக்கார்டரோடு வந்து இறங்கியபோது ஆறரை. நிச்சயத்தன்று பதினாலு. இருபது வருஷமாக ஏறிக்கொண்டே போன ஒன்று, என் மகள் பெயரை எழுதிய மையி காயறதுக்குள்ள இறங்கும்னு யார் கண்டது? செப்டம்பரில் பன்னிரண்டு, தீபாவளிக்குப் பத்தேமுக்கால். இன்றைக்கு எட்டரை.

இந்த ரேட்டுக்காக நான் படுகிற பாட்டையும் கேளுங்கள். ராயப்பன்பட்டியிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் அந்தோணிமுத்து சார், ரிட்டயரான கணக்கு வாத்தியார், இங்கிலீஷ் பேப்பர் பார்க்க நம்ம ஊர் லைப்ரரிக்கு வருவார். நான் தினமும் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பேப்பரில் வெள்ளிக்கும் நம்ம ரூபாய்க்கும் நேர் விலை போடுவதில்லையாம். ஒரு டாலருக்கு நம்ம பணம் எத்தனை, உங்க பணம் எத்தனை என்று பார்த்து, ஒன்றை ஒன்றால் வகுக்கணுமாம். கொடுக்கிறது உங்க பையன், வாங்குறது என் மக, நடுவுல அமெரிக்காக்காரன் எதுக்கு வந்தான்னு கேட்டேன். சார் முப்பத்தொன்பதே காலை நாலு புள்ளி ஆறால் வகுத்து, எட்டு புள்ளி ஐந்து மூன்று இரண்டு ஆறு என்று நாலு தசமம் வரைக்கும் போய் நிறுத்தினார். எட்டரையே தாங்க முடியவில்லை, மீதியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

ஊரோ அதுக்கு மேல. நேற்று அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் தொட்டியில் கைகால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த திராட்சைப் புரோக்கர், “என்ன மாமு, மக இன்னைக்கி என்ன வெலைக்கிப் போகுது?” என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். நோன்பு வாய் என்பதால் அவன் தப்பித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். வீட்டுக்கு வந்து சுமையா முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

உங்கள் தங்கையிடம் சொன்னால், எங்க அண்ணன் பாவம் அங்கன என்ன கஷ்டப்படுறாகளோ, வெள்ளி கொறஞ்சா அவுக என்ன செய்வாகன்னு எனக்கே பாடம் எடுக்கிறாள். இந்தச் சண்டையில் மூன்று நாளாக நோன்புக் கஞ்சியில் உப்பு இல்லை. கேட்டால், நோன்பு வச்சவ எப்படி ருசி பாக்குறதுங்கிறா. பி.காம். படித்த மகளாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவளோ, “எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்த்தா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் போல.

ஆகவே நானே சொல்கிறேன். மாப்பிள்ளைக்குத் தருவதாகச் சொன்ன ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்காகத் திராட்சைத் தோட்டத்தில் பாதியைப் பேச்சிமுத்துவுக்கு விலை பேசி அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். என் அத்தா கல் பொறுக்கித் திருத்திய தோட்டம். அதில் ஒரு பைசா குறைப்பேன் என்று நான் சொன்னேனா? நீங்கள் மட்டும் என் மகளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போவது என்ன நியாயம்? மஹர் மட்டுமில்லை, நமக்குள் எழுதிய எல்லாமே நிச்சய நாள் ரேட்டு, பதினாலு ரூபாய்ப்படிதான் நடக்கணும் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வெள்ளி ஏறுகிறவரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிவைப்பேன். இது என் கடைசி வார்த்தை.

வீட்டில் எல்லோருக்கும் சலாம். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு சலாம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அல்லாஹ் உங்கள் கடையிலும் கல்லாவிலும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மு. மீராசா

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சொல்லி சுமையாவிடம் கொடுத்தேன். அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, பீரோவிலிருந்து நிச்சயக் காகிதத்தை எடுத்து வந்து திருப்பிக் காட்டினாள். இத்தனை நாளும் நான் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்பக்கத்தில், ‘மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் தருவது மலேசிய வெள்ளி பத்தாயிரம்’ என்று நசீம் பாய் கையெழுத்தில் இருக்கிறது. நான் சொன்னது ரூபாய். அவர் முன்பக்கம் மாதிரியே அதையும் பதினாலால் வகுத்து வெள்ளியாக எழுதிவிட்டார். கீழே உங்கள் கையெழுத்து, பக்கத்தில் கண்ணாடி போடாமல் நான் போட்ட கையெழுத்து. இன்றைய ரேட்டுக்கு அது எண்பத்தைந்தாயிரம், என் கையிருப்பிலேயே அடங்கிவிடும். உடனே போய்ப் பேச்சிமுத்துவிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். தோட்டம் பிழைத்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சுமையா சிரிக்கவில்லை.

“மக வெல எறங்குனா ஒங்களுக்குக் கோவம் வருது. மாப்பிள்ள வெல எறங்குனா சிரிக்கிறீகளேத்தா” என்றாள்.

இதுக்கு ஒரு பதில யோசிச்சு வைங்க மச்சான். நேரில் சொல்லுங்கள். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம், எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். வெள்ளி ஏறுவதற்குள் வந்து சேருங்கள்.