சகலையின் கோட்டும் கேப்டன் மேசையும்

பெருமதிப்புக்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

இளைய சகலை கப்பலிலிருந்து, கொஞ்சம் ஆடிக்கொண்டே எழுதுவது. கையெழுத்துக் கோணலுக்குக் கடல்தான் பொறுப்பு, நான் அல்ல. நானும் உங்கள் மைத்துனியும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாகவே இருப்பீர்கள். கோட்டு சுகமா என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா? நல்லது.

குழாய்க் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் பேரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, ‘தங்கள் மனவருத்தத்துக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று கடிதம் எழுதுவேன். குழாய் தொடர்ந்து ஒழுகும். நானும் தொடர்ந்து வருந்துவேன். இந்தப் பயணத்துக்கு லீவு கேட்கப் போனபோது எங்கள் மேனேஜர் வழக்கம்போலத் தலையை வாரிக்கொண்டே, “அஞ்சு நாளா? யோவ், அதுக்குள்ள ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் ஒழுகிடுமேய்யா!” என்றார். ஆள் பனைமரம் மாதிரி உயரம், அதற்கு மேலே ஒரு சாண் முடி. சீப்பு இல்லாமல் அவரால் யோசிக்க முடியாது.

சரி, விஷயம். உங்கள் வீட்டுக் கூடத்தில், நீங்களும் அக்காவும் கப்பல் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் போட்டோ தொங்குகிறதே, வினை அங்கேதான் ஆரம்பம். ஒன்பது வருஷமாக உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் மைத்துனி அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள், கவனித்திருக்கிறீர்களா? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதே, என்ன வேண்டும் என்று கேட்டேன். தங்கம் கேட்பாள் என்று பயந்திருந்தேன். “அந்த மேசை வேணும். அந்த மேசைல ஒரு போட்டோ. அக்காவோடதை விட ஒரு விரக்கடையாவது பெரிசா இருக்கணும்” என்றாள். கப்பல்காரர்களுக்கு எழுதினேன். வெள்ளிவிழா ஜோடி என்றதும் இரண்டாம் நாள் விருந்தில் கேப்டன் மேசையிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறக்காது. என்னிடம் இருந்தது மழைக்கோட்டு மட்டும். உங்களிடம் வந்தேன். பெண்ணைத் தாரை வார்ப்பதுபோல் கண்கலங்கக் கொடுத்தீர்கள். “பாத்துப்பா, இது என் உசுரு” என்றீர்கள். அந்த வார்த்தை இந்த இரண்டு நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

ஆபீஸ் பக்கத்து லாண்டரியில் இஸ்திரி போடக் கொடுத்து, அவன் தந்த உறையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தேன். கப்பலில் ஏறிப் போட்டுப் பார்த்தால், கை என் விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. நீங்களோ என்னைவிட அரைத்தலை குட்டை! “சகலைக்குக் கை இவ்வளவு நீளமாடி?” என்றேன். “எங்க அத்தானுக்கு எல்லாமே நீளந்தான், பேச்சு உள்பட” என்றாள். கோட்டுப் பையில் கை விட்டேன். ஒரு சீப்பு. சகலை, சத்தியமாக என் நெஞ்சு இளகிவிட்டது. உங்கள் தலையில் சீப்புக்கு வேலை ஒழிந்து எத்தனை காலம்! ஆனாலும் நம்பிக்கை இழக்காமல் ஒரு சீப்பைப் பையில் வைத்திருக்கிறீர்களே, அந்த மன உறுதி யாருக்கு வரும்?

முதல் நாள் மாலை அறைக் கதவுக்குக் கீழே ஒரு தாள் வந்து விழுந்தது. கோட்டு, பட்டு, பளபளப்பான செருப்பு என்று விருந்துக்கு என்ன உடுத்துவது என்பதெல்லாம் அதில் இருந்தது. எங்கள் ஆபீஸில் சுற்றறிக்கை வந்தால் அது அன்றைக்கே, சில சமயம் முந்தின நாளிலிருந்தே அமல். ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவைக்கிற பழக்கம் உலகத்தில் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேப்டன் மேசை மறுநாள்தான் என்று தெரிந்தும், உடுப்பு விதி அன்றைக்கே அமல் என்று நம்பி, தேதியைப் பார்க்காமல் இருவரும் ஜோடித்துக்கொண்டு இறங்கினோம். சாப்பாட்டுக் கூடம் முழுக்க அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும். நீச்சல்குளத்திலிருந்து நேரே வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கு நடுவில் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாப்பாட்டுக் கூடத்து சூப்பர்வைசர். இன்னொருவர் உங்கள் அருமைச் சகலை.

ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து, “என்னங்க இது, சூப்பு ஜில்லுன்னு இருக்கு! இதைக் குடிக்கிறதா, குளிக்கிறதா?” என்றார். நீங்களே சொல்லுங்கள், இருபத்திரண்டு வருஷப் புகார்ப் பிரிவுக்காரன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? என் கை தானாகவே பேனாவை எடுத்துவிட்டது. “மிகவும் வருந்துகிறோம். பேரும் ரூம் நம்பரும் சொல்லுங்கம்மா” என்றேன். பக்கத்து மேசைக்காரர் காதில் விழுந்தது. ரொட்டி கல்லு மாதிரி இருக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று வரிசையே நின்றுவிட்டது. உங்கள் மைத்துனி மேசைக்கடியில் என் காலை மிதிக்கிறாள். எனக்கோ நிறுத்த மனசில்லை. கடலுக்கு நடுவில் சொந்த சீட்டில் உட்கார்ந்த மாதிரி ஒரு சுகம்! பதினேழாவது ஆள் பீட்ரூட் சூப்போடு வந்து, “இதுல முடி கிடக்குது, குனிஞ்சு பாருங்க” என்றார். குனிந்தேன். உங்கள் கோட்டுக் கை என்னைவிட ஆழமாகக் குனிந்தது.

அறைக்கு ஓடி வந்து, இருந்த அத்தனை ஷாம்பூவையும் கொட்டி அலசினோம். வெந்நீரில் அலசியது யார் என்று கேட்காதீர்கள், குடும்பத்தில் குழப்பம் வேண்டாம். தலை உலர்த்துகிற மெஷினை மறுநாள் முழுக்க முறைபோட்டுப் பிடித்தோம். கோட்டு சொட்டிக்கொண்டேதான் இருந்தது. மாலை ஆயிற்று. சட்டையோடு போய் நின்றேன். உள்ளே ஊரே கோட்டில் இருந்தது. நேற்றைய ரப்பர் செருப்பெல்லாம் இன்றைக்கு ராஜாக்கள்! வாசலில் அந்த சூப்பர்வைசர் கையை நீட்டி, “கோட்டு இல்லாம விட முடியாதுங்க. நேத்து போட்டிருந்தீங்களே?” என்றார். நேற்றே அதை சூப்பில் முக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“நீ போய் உக்காரு, போட்டோ எடுத்துட்டு வா” என்றேன் இவளிடம். “தனியாவா? இருபத்தஞ்சு வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டிட்டு, போட்டோவுக்கு மட்டும் தனியாவா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. சகலை, அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், தாங்குவேன். இது தாங்கவில்லை. கடைசி முயற்சியாகப் பையிலிருந்து அந்தப் பதினேழு புகாரையும், ஒவ்வொன்றுக்கும் நான் எழுதிவைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தையும் எடுத்து சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மூன்றாவது கடிதத்தில் அவருக்கே கண் கலங்கியது. “என் சர்வீஸ்ல இப்படி அழகா யாரும் வருந்தினதில்லைங்க” என்று உள்ளே போய், லீவில் இருந்த ஒரு சர்வரின் கோட்டைக் கொண்டுவந்தார். வெள்ளைக் கோட்டு, தங்கப் பித்தான், மார்பில் பதினான்கு என்று நம்பர்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததாகத்தான் ஞாபகம். யாரோ “தம்பி, கரண்டி” என்றால் பழக்கதோஷத்தில் எழுந்துவிடுகிறேன். போட்டோக்காரர் வந்து, “எல்லாரும் சிரிங்க” என்றபோது கேப்டனே என்னைப் பார்த்து, “கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா” என்றுவிட்டார். ஊற்றினேன். அப்படியே, குவளை அவளிடமும் காலியாக இருந்ததே என்று அவளுக்கும் ஊற்றினேன். பளிச்!

இன்று காலை போட்டோ கைக்கு வந்தது. நடுவில் உங்கள் மைத்துனி பட்டில் ஜொலிக்கிறாள், பக்கத்தில் கேப்டன், பின்னால் கூஜாவோடு குனிந்தபடி பதினான்காம் நம்பர். கடலில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, “அக்கா போட்டோவுல பின்னால யாரு நிக்கிறாங்க?” என்றாள்.

“யாரும் இல்லையே.”

“அதான். எனக்குத் தனியா ஆளே நிக்குது!”

“அடியே, அது நான்னு பாக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடுமே.”

“தெரியட்டுமே! அத்தான் என்னைக்காவது அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் கொடுத்திருக்காரா?”

மன்னிக்கவும், சகலை. சொன்னதை அப்படியே எழுதுவது என் தொழில். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்து, மறுபடியும் நானே தண்ணீர் கொடுத்தேன்.

ஆகவே, தங்கள் கோட்டு தொடர்பாகத் தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மிகவும் வருந்துகிறோம். கோட்டு இப்போது உலர்ந்துவிட்டது. கறுப்பு போய்க் கத்தரிப்பூ நிறம் வந்திருக்கிறது. நன்றாகச் சுருங்கி, எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. உங்களுக்குப் புதிதாக ஒன்று தைத்துத் தருவது என் பொறுப்பு. நீங்கள் என்ன திட்டினாலும் எழுத்தில் அனுப்புங்கள், வரிசைப்படி பதில் எழுதுவேன். அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதம் அவர் கண்ணில் படாதபடியும், உங்கள் ரத்த அழுத்தம் இந்தப் பக்கத்தோடு இறங்கும்படியும் ஏழு கடலும் உங்களை வாழ்த்தட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்தில் அனுபவசாலியான
இளைய சகலை

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து இதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வந்து பார்த்தால் உங்கள் கோட்டு உறையோடு எதிர்வீட்டில் காத்திருக்கிறது! நாங்கள் கிளம்பிய அன்றே லாண்டரிக்காரன், “கோட்டு மாறிப்போச்சுங்க” என்று கொடுத்துவிட்டுப் போனானாம். சூப்பில் குனிந்தது எங்கள் மேனேஜர் கோட்டு, சீப்பும் அவருடையதே. எனவே மேலே கண்ட மன்னிப்பு அனைத்தும் ரத்து. ஆனால் உறையும் கையுமாக லாண்டரிக்கு விசாரிக்கப் போனால், இன்று தலைமை அலுவலக விருந்து, கோட்டு எங்கே என்று அவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் உங்கள் கோட்டை அவருடையது என்று கொடுத்தேன். கை முழங்கை வரைதான் வந்தது. “சுருக்கிட்டானேய்யா!” என்றபடி முக்கி முனகி மாட்டிக்கொண்டு, தலை வாரக் கையைத் தூக்கினார். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். ஆகையால் ரத்து செய்த மன்னிப்பு அனைத்தும் மீண்டும் செல்லும். கடிதத்தைத் தயவுசெய்து முதலிலிருந்து படிக்கவும்.