அத்தான் சட்டைப்பையில கேட்ட ஏலம்

திருட்டு தப்புன்னு எனக்கு இருபத்திரெண்டு வயசுலதான் தெரிஞ்சுது. அதுவும் என் சாமானத்த இன்னொருத்தன் திருடுன பொறவு. அதுவரைக்கும் நான் எடுத்ததுக்கெல்லாம் 'டவுன்லோடு'ன்னுதான் பேரு.

ஒன்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துக்கல (தப்பு பள்ளிக்கூடத்து மேலதான்). திரேஸ்புரத்துல ஒரு செல்போன் ரிப்பேர் கடையில ஒக்காந்தேன். ஸ்கிரீன் மாத்துத நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் பாட்ட வெட்டி ஒட்டுததுதான் வேல. அப்படித்தான் அந்த உலக சாதனையும் பிறந்துது. எங்க கரையில மீன் ஏலம் கூறுத மிக்கேல் அண்ணாச்சி குரல ஒளிஞ்சி நின்னு ரெக்கார்டு பண்ணி, எங்க அத்தான் (அக்கா வீட்டுக்காரரு) மீன்பிடி வள்ளத்து இஞ்சின் சத்தத்த தாளமா ஓடவிட்டேன். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! தூக்கு!"ன்னு அண்ணாச்சி முழங்க, பின்னாலயே 'டுகு டுகு டுகு'ன்னு இஞ்சின் வரும் பாருங்க, செத்தவனும் எந்திரிச்சி ஆடுவான்.

அண்ணாச்சி "தூக்கு"ன்னு சொல்லிட்டா மீன் வியாபாரிக்குப் போயிரும். அதுக்குமேல பிஷப்பே வந்தாலும் மாத்த முடியாது. இத மனசுல வச்சிக்கிடுங்க.

நெட்டுல போட்டேன். பிச்சிக்கிட்டுப் போச்சி. முத்தையாபுரத்துல ஒரு பய அத அப்படியே எடுத்து அவன் பேருல போட்டான். போட்டதோட விட்டானா? 'இது என் பாட்டு'ன்னு புகார் குடுத்து என்னோடத எடுக்க வச்சிட்டான். என் பாட்டு இருந்த எடத்துல 'காப்பிரைட் மீறல்'னு தொங்குது. ரெண்டு நாளு சோறு எறங்கல (புரோட்டா எறங்குச்சி).

சும்மா விடுவேனா? பாட்டோட கடைசியில என் குரலச் சேத்தேன். "இது ஜெரோம் படைப்பு! கேக்காம எடுத்தவன் கை வெளங்காது!" கடைக்கு வந்த போன்லயெல்லாம் அத ரிங்டோனா ஏத்திவிட்டேன். யாருட்டயும் கேக்கல. மொதல்ல ஏத்துனது அத்தான் போன்ல.

அத்தானுக்கு ரெண்டு மாசமா மீன்பாடே கெடையாது. மக ஷெரினுக்குப் புதுநன்மை (கோயில்ல மொத தடவ நற்கருணை வாங்குத சடங்கு) நெருங்குது, வெள்ளக் கவுனும் எடுக்கல, விருந்துக்கும் யாரையும் கூப்பிடல. அன்னைக்குன்னு பாத்து நாலு சீலா மீனோட கரைக்கு வாராரு. ஒவ்வொண்ணும் ஷெரின் ஒசரம். நானும் வேடிக்க பாக்கப் போனேன். கவுனு, பிரியாணி எல்லாம் அந்த மணல்ல படுத்துக் கெடக்கு.

ஏலம் ஆரம்பிச்சுது. ஒரு வியாபாரி சும்மா தொடங்கி வைக்க அடிமாட்டு வெல ஒண்ணு கேட்டாரு. மத்தவங்க வாயத் தொறக்கல, அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி இருமுதாவ. அந்த நேரம்...

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! தூக்கு!"

வியாபாரியோட ஆளுங்க ரெண்டு பேரு பழக்கத்துல மீனத் தூக்கி ஐஸ் பெட்டியில போட்டுட்டானுவ. அண்ணாச்சி இன்னும் இருமிக்கிட்டுதான் இருக்காவ! அத்தான் சட்டைப்பையில 'டுகு டுகு'ன்னு இஞ்சின் ஓடுது. அது முடியவும் கரை பூரா என் குரலு: "இது ஜெரோம் படைப்பு!"

போன் போட்டது எங்க அக்கா. மீன் என்ன வெலைக்குப் போச்சின்னு கேக்குததுக்கு. அத்தான் பதறி அமுக்குனதுல கால் கட்டாகாம அட்டெண்டு ஆயிட்டு. அது தெரியாம திரும்பவும் பைக்குள்ள போட்டுட்டாரு.

"மீன எறக்கும்வே!"ன்னு கத்துனாரு அத்தான்.

"அதெப்படி? அண்ணாச்சி குரல் தூக்குன்னா தூக்குதான்"னாரு வியாபாரி.

"கொரலு என்னோடதுதான், நான் சொல்லலியே!" அண்ணாச்சி மூஞ்சி செவந்துட்டு. "ஏலே ஜெரோமு, இங்கன வா. இந்தக் கொரலு நான் குடுத்ததா, நீ எடுத்ததா?"

குடுத்ததுன்னு சொன்னா ஏலம் செல்லும், ஷெரின் பழைய பாவாடையோட கோயிலுக்குப் போவணும். எடுத்ததுன்னா மீன் திரும்பும், ஆனா ஊருக்கு முன்னால திருடன் நானு.

"எடுத்தது அண்ணாச்சி."

"எல்லாருக்கும் கேக்கட்டும்!"

"நான் திருடுனேன் அண்ணாச்சி! கேக்காமத் திருடுனேன்!"

"பின்ன ஒன் படைப்புன்னு கத்துதே?"

"தாளம் என்னோடது..."

"அது என் வள்ளத்து இஞ்சின்லே!"ன்னாரு அத்தான்.

கூட்டிக் கழிச்சிப் பாத்தா, அந்தப் பாட்டுல எனக்குன்னு மிஞ்சுனது 'கை வெளங்காது' மட்டும்தான்.

அந்த வியாபாரியே சிரிச்சி மீன எறக்கிட்டாரு. சத்தம் கேட்டுக் கூடுன கூட்டத்துல மறு ஏலம் எகிறிட்டு. முடிக்கும்போது அண்ணாச்சி என்னைப் பாத்து, "ஏலே, இப்போ சொல்லுதது நான்தான்"னுட்டு "தூக்கு!"ன்னாவ. பொறவு தனியாக் கூப்பிட்டு, "அத என் போன்லயும் போடு. ஆனா மொதல்ல என் பேரச் சொல்லணும்"னாவ.

புதுநன்மை விருந்து ஜோரா நடந்துது. நான் பிரியாணிச் சட்டியில கால் துண்டு தேடுத நேரம், அக்கா போன் அடிக்கி.

"நான் திருடுனேன் அண்ணாச்சி! கேக்காமத் திருடுனேன்!" டுகு டுகு டுகு.

அக்கா போன்ல வர்ற போற கால் எல்லாம் தானா ரெக்கார்டாவும் (செஞ்சி குடுத்த புண்ணியவான் நான்தான்). அன்னைக்குக் கரையில நான் கத்துனதும் அதுல பதிஞ்சிட்டு. வெட்டி ஒட்டுனது வெள்ளக் கவுனு போட்டு நிக்குத அந்தக் குட்டி.

"ஏளா, யாரக் கேட்டு எடுத்த?"

"நீ யாரக் கேட்ட மாமா?"

இப்போ எங்க குடும்பத்துல எல்லா போனும் இப்படித்தான் அலறுது. பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் அலறிட்டு. ஒரு வழியா, முழுசா எனக்கே சொந்தமான குரல்ல ஒரு பாட்டு வந்துட்டுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா கடைசி வரைக்கும் கேட்டா ஒரு கீச்சுக்குரலு வரும்:

"இது ஷெரின் படைப்பு! கேக்காம எடுத்தா கை வெளங்காது!"