ஒன்பது அசைப் பட்டம்

"ஓ-தோ-ரி-நோ-லா-கோ..."

"ரிங் எங்க போச்சு? முழுங்கிட்ட பாரு."

"நீ குறுக்க பேசினதுல..."

"நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே முழுங்கிட்ட."

கிரேக்க ஊரான கலமாதாவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அர்கிரிஸின் மகள் மிர்தோ, காது மூக்கு தொண்டை டாக்டராகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு எதிரே கிளினிக் திறக்கிறாள். பெயர்ப்பலகையை மூடிய துணியை அப்பா இழுக்க வேண்டும். இழுக்கும்போது 'ஓதோரிநோலாரிங்கோலோகோஸ்' என்ற அவள் பட்டத்தை உரக்கச் சொல்வது, யாரும் கேட்காமல் அவராகவே ஏற்றுக்கொண்ட வேலை.

"ஊரே ஓரிலான்னு சுருக்கித்தான் சொல்லுது. நீயும் அப்படியே சொல்லிட்டுப் போயேன்" என்றாள் மனைவி ஃபோதினி.

"பன்னிரண்டு வருஷம் மாவு பிசைஞ்சு படிக்கவெச்சேன். சுருக்குவேனா? சாக்கிஸ் மச்சான் காதுல ஒன்பது அசையும் விழணும். அவர் பையன் வக்கீல். வெறும் தி-கி-கோ-ரோஸ். நாலே அசை."

"சரி, உடைச்சுச் சொல்லு. ஓதோ, காது. ரிநோ, மூக்கு. லாரிங்கோ, தொண்டை. லோகோஸ், அதைப் படிச்சவ. நம்ம பாட்டன் பூட்டன் பேசினதுதானே, என்ன கஷ்டம்?"

திங்களன்று, அடுப்பில் வைக்கும் ஒவ்வொரு ரொட்டிக்கும் ஓர் அசை. ஆறாவதில் ரிங் வரவில்லை. ஐந்து ரொட்டி கருகிற்று. செவ்வாயன்று ஆலிவ் கொட்டையை நாக்கடியில் வைத்துப் பழகினார். 'லோ' சொல்லும்போது கொட்டை உள்ளே போயிற்று. பிறகு, மாவு பிசையும் மெஷின் இரைச்சலுக்கு மேலே நான்கு நாள் கத்தினார். சனிக்கிழமை மாலை ஒன்பதும் வரிசையாக வந்தன, மூன்று முறை. ஃபோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை குரலைக் காணோம்.

பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்தார். சாக்கிஸ் கைகட்டி முன்வரிசையில் நின்றார். அர்கிரிஸ் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

மிர்தோ டார்ச்சோடு ஓடிவந்தாள். "ஆ காட்டுங்கப்பா... ஐயோ, யாரோட சண்டை போட்டீங்க? ரெண்டு வாரம் மூச்சு விடக்கூடாது. பேச்சைச் சொன்னேன்."

"முதல் போணி நீதானா மாப்ள?" என்றார் சாக்கிஸ்.

அர்கிரிஸ் ஆத்திரத்தோடு துணியைப் பிடித்து இழுத்தார். பலகையாவது சொல்லட்டும். நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையே அங்கே இல்லை. ஏணியை மடக்கிக்கொண்டிருந்த பெயின்டர் லாம்ப்ரோஸைப் பார்த்து, இரண்டு கையையும் அகல விரித்து, அது எங்கே என்று கேட்டார்.

"அந்த நீளப் பேரா? வேண்டாம்னுட்டாங்க டாக்டரம்மா. 'காது, மூக்கு, தொண்டை. ரொட்டிக்கடை அர்கிரிஸ் மகள்'னு மட்டும் எழுதச் சொன்னாங்க. அவங்க பெரிய பட்டம் அதுதானாம்."